கண்டக்டர் எழுந்து நடந்த நாள்

அண்ணன் உள்ளே வந்ததும் முதல் வேலையாக ஃபேனை நிறுத்தினான். அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, ஏன், செருப்பைக் கழற்றுவதற்கும் முன்பே, நேராகச் சுவரருகே போய் நிறுத்தினான்.

"செத்துக் கிடக்கறவருக்கு எதுக்கு ஃபேன்? கரண்ட் பில்லு யாரு கட்றது?"

அப்பாவின் அருகே இருந்த தங்கை எழுந்து போய் மறுபடியும் போட்டாள்.

"நான்தான் கட்றேன். இத்தனை நாளும் நீயா கட்டினே?"

பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் தங்கள் கைப்பேசியில் திடீரென்று ஏதோ அவசரமாகத் தேடத் தொடங்கினார்கள். சாவு வீட்டில் சண்டை கேட்கக் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும். ஆனால் கேட்காத மாதிரி இருக்க வேண்டுமே.

அப்பா முன்னறைக் கட்டிலில் கிடந்தார். தலைப்பக்கம் கைப்பிடியைச் சுற்றினால் உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில், மருந்துக் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்தது. கழுத்துவரை வெள்ளைத் துணி. தலைமுடி மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. வகிடு எடுத்த இடத்தில் நரை கொஞ்சமாக எட்டிப் பார்த்தது. அண்ணி அதைத்தான் உற்றுப் பார்த்தாள்.

"நடக்க முடியாத மனுசனுக்குத் தலைக்கு மை அடிச்சு அழகு பார்த்திருக்கே. அதுக்கெல்லாம் காசு இருக்கு. எங்ககிட்ட போன் பண்ணினா மட்டும் மருந்துக்குக் காசில்ல, மாத்திரைக்குக் காசில்லன்னு மூக்கால அழுகை."

தங்கைக்கு நாக்கு நுனிவரை பதில் வந்தது. அப்பாவின் காதருகே வைத்து அதைச் சொல்ல வேண்டாம் என்று விழுங்கினாள்.

அந்தக் கறுப்புக்கு ஒரு கதை இருக்கிறது.

அப்பாவைத் தெருவில் எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையை விட்டு வெகு காலம் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. அவரும் அதை விடவில்லை. சொந்த மாமனாரையே டிக்கெட் எடுக்கவில்லை என்று நடுவழியில் பஸ்ஸை விட்டு இறக்கியவர். உலகத்தில் அவருக்குப் பிடிக்காத ஒரே ஜாதி ஓசிக்காரர்கள்தான். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால்கூட, கிண்ணம் திரும்பிப் போகும்போது காலியாகப் போகக் கூடாது.

குளியலறையில் விழுந்து அவருக்கு இடது கையும் காலும் விளங்காமல் போனபோது அவள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேலையை விட்டாள். வீட்டிலிருந்தபடியே ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றுக்குப் புகார் கேட்கும் வேலை கிடைத்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஐஸ் கட்டவில்லை, கதவு மூடவில்லை என்று ஊர்பேர் தெரியாதவர்கள் திட்டுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு, "உங்க கோபம் நியாயமானதுங்க" என்று சொல்ல வேண்டும். ஹெட்போனைக் கழற்றினால் உள்ளே அப்பா திட்டுவார். மாடி அறையை ஒரு சலூன்காரருக்கு வாடகைக்கு விட்டாள். சித்தப்பாவிடம் கேட்டாள், அவர் தன் முழங்கால் வலியைப் பற்றி நீளமாகப் பேசினார். ஏதோ ஓர் அறக்கட்டளைக்கு எழுதிப் போட்டாள். இரண்டு கம்பளி அனுப்பினார்கள், அதுவும் வெயில் காலத்தில்.

படுத்த படுக்கையாக இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது என்று சொன்னவர் சலூன்காரர்தான். முடிவெட்ட வந்த யாரோ சொன்னார்களாம். அவள் அலைந்து மனுப் போட்டாள். வீட்டுக்கு வந்து நேரில் பார்ப்போம் என்றார்கள்.

ஆபீசர் அம்மா வரும் நாள் காலையில், அவள் மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, கண்டக்டர் சலூன்காரரை மாடியிலிருந்து கூப்பிட்டார். மழமழவென்று சவரம். தலைக்கு மை. இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. மலச்சட்டியைக் கட்டிலுக்கு அடியில் காலாலேயே தள்ளச் சொல்லியிருக்கிறார். அவள் திரும்பி வந்தபோது மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்கம்மா. டீ சாப்பிடறீங்களா?" என்று ஆபீசரை அவரே வரவேற்றார்.

"பாத்ரூம் போகணும்னா யாராவது பிடிச்சுக்கணுமாய்யா?"

"எதுக்கு? நானே போவேன்."

சொல்லிவிட்டு எழுந்தார். விழுந்த நாளிலிருந்து ஓரடி எடுத்து வைக்காத மனிதர், வலது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சமையலறை வாசல்வரை போனார். திரும்பியும் வந்தார். நெற்றியில் வியர்வை. முகத்தில் சிரிப்பு. ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பழகிய கால்கள் அல்லவா.

"எம் பையன் என்னை ராஜா மாதிரி வச்சிருக்கான்மா. மாசம் பொறந்தா பணம் வந்துடும். இந்தப் பொண்ணு சும்மா பயந்துக்கிட்டு எழுதிப் போட்டிருக்கு."

ஆபீசர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது திருடியைப் பார்க்கிற பார்வை. மனு தள்ளுபடி.

ஆபீசர் போன பிறகு அப்பா அப்படியே சரிந்தார். அவரைப் படுக்க வைக்க அவளும் சலூன்காரரும் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ராத்திரி காய்ச்சல் வேறு. அன்றைக்கு அவள் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

"ஓசிப் பணம் என் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் அவர்.

"அப்படியா? தினமும் உனக்குக் கழுவி விடறேனே, அதுக்கு டிக்கெட் எடுத்தியா?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு ஊட்டினாள், துடைத்தாள், புரட்டிப் போட்டாள். பேசவில்லை. தூக்கும்போது திட்டுவதோடு சரி, அவரும் வேறு பேசவில்லை. மறு ஆய்வு வேண்டும் என்று அந்த ஆபீசுக்கு நடையாய் நடந்து, அங்கே நாலு பேரிடம் ஏச்சு வாங்கி, இன்றைக்குத் தேதி வாங்கியிருந்தாள். காலையில் டீ எடுத்துக்கொண்டு போனபோது அப்பா இல்லை.

தேதியை ரத்து செய்ய அவளுக்குத் தோன்றவும் இல்லை. அதனால்தான், சுடுகாட்டு வண்டிக்காகக் காத்திருந்த மத்தியானத்தில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அந்த ஆபீசர் அம்மா வாசலில் வந்து நின்றாள். நாற்காலிகளையும் வெள்ளைத் துணியையும் பார்த்தாள்.

"எப்போ?"

"விடிகாலையில" என்றாள் அவள்.

ஆபீசர் கட்டிலருகே போனாள். துணிக்கு வெளியே தெரிந்த குதிகாலைப் பார்த்தாள். படுக்கைப் புண்ணுக்குப் போட்ட கட்டு அங்கே இருந்தது. அன்றைக்கு அதைக் காலுறை மறைத்திருந்தது.

"தப்பா எழுதிட்டேன் போலிருக்கு" என்றாள் தணிந்த குரலில். "மனுப் போட்ட நாள்லேருந்து நேத்து வரைக்கும் உண்டானதை இப்பவும் உங்களுக்குக் குடுக்கலாம். வேற பிள்ளைங்க யாரும் பணம் குடுத்துப் பார்த்துக்கலன்னு மட்டும் எனக்கு உறுதியாகணும்."

அவளுக்கு மருந்துக் கடைக்காரர் முகமும் கட்டில் வாடகையும் கண் முன்னால் வந்து நின்றன. அப்பாவை எடுத்த கையோடு கட்டிலைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வரும், பாக்கியையும் கேட்கும். வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"யாருங்க நீங்க? எங்கப்பாவுக்கு எதுக்குங்க பிச்சைக்காசு? ஆம்பளப் புள்ள நான் கல்லு மாதிரி இருக்கேன். மாசாமாசம் நான்தான் அனுப்பிட்டிருக்கேன். இவ பேச்சைக் கேட்டுக்கிட்டு சாவு வீட்டுல வந்து விசாரணை பண்றீங்களா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்கிற ஆட்டம். ஆபீசர் பையை மூடப் போனாள்.

"என்ன அனுப்பினே?" என்றாள் தங்கை.

"இப்ப வேணாம். வாய மூடு."

"என்ன அனுப்பினேன்னு சொல்லு. நான் கேட்டுட்டு மூடிக்கறேன்."

"நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்காதே."

"மானமா? அதோ பாரு, மானம் தலையில அப்பிக் கிடக்கு. இவங்க வர்றாங்கன்னு மை அடிச்சுக்கிட்டு எழுந்து நடந்தாரு உங்கப்பா. எதுக்கு? எம் பையன் பார்த்துக்கறான்னு சொல்றதுக்கு. ஒரு காசு நீ குடுத்ததில்லன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நடந்தாரு."

அண்ணி எழுந்து நின்றாள். அவள் கண் நாத்தனார் மேல் இல்லை.

"ஏங்க, மாசாமாசம் அப்பாவுக்கு அனுப்பறேன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க? அதனாலதானே புள்ளைங்க ட்யூஷனை நிறுத்தினோம்? அந்தக் கோபத்துலதானே நான் இவகூட மூஞ்சி குடுத்துக்கூடப் பேசறதில்ல?"

அண்ணன் வாசலைப் பார்த்தான். வாசலில் ஒன்றும் இல்லை.

"இருந்தாத்தானே அனுப்பறதுக்கு" என்றான். "வேலை போயி எவ்வளவு நாளாச்சுன்னு உனக்குத் தெரியுமா? காலையில கிளம்பிப் போய்ப் பார்க்ல உட்கார்ந்துட்டு வர்றேன். கையில இருந்ததை வச்சு நம்ம வீட்டை ஓட்டினேன். அப்பாவுக்குன்னு சொன்னாத்தான் நீ எங்கே போச்சுன்னு கேக்க மாட்டே."

அண்ணி அவனை அடிக்கவில்லை, அடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அப்பனுக்குத் தப்பாத பிள்ளை என்று தங்கை நினைத்துக்கொண்டாள். ஒருவன் நடக்க முடியாமல் நடந்தான், இன்னொருவன் வேலை இல்லாமல் வேலைக்குப் போனான். நடுவில் மாட்டிக்கொண்டு தேய்ந்தது யார்?

ஆபீசர் பையிலிருந்து மனுவை எடுத்தாள். "மறு ஆய்வு கேட்டது உங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. நாங்க பேசிக்கறதில்ல" என்றாள் அவள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நேத்து சாயங்காலம் துடைச்சு விடும்போது அவராத்தான் பேசினாரு. அந்தம்மாவை இன்னொரு தடவை வரச் சொல்லு. இந்தத் தடவை நான் படுத்துக்கறேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. கோபமா இருந்தேன். தண்ணிய மாத்தறேன்னு எழுந்து போயிட்டேன்."

ஆபீசர் எழுத வேண்டியதை நின்றுகொண்டே எழுதினாள். கையெழுத்துக்காக அண்ணனிடம் நீட்டியபோது, அவன் யார் முகத்தையும் பார்க்காமல் போட்டான். போகும்போது ஆபீசர் கட்டிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஹெல்மெட்டை மாட்டினாள். அதுவும் தங்கைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அன்றைக்கே குனிந்து ஒரு தடவை குதிகாலைப் பார்த்திருக்கக் கூடாதா?

வண்டி வந்தது. டிரைவர் ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றான். "வீட்டு ஆளுங்க யாராவது பிடிங்க. எனக்கு முதுகுவலி."

அண்ணன் தலைமாட்டுக்குப் போனான். அக்குளில் கைவிட்டு, பஸ் மேல் சாமான் ஏற்றுகிற மாதிரி இழுக்கப் பார்த்தான்.

"அப்படி இல்ல" என்றாள் அவள். "இடது கையை இழுக்காதே. அவருக்கு வலிக்கும்."

யாரும் அவளைத் திருத்தவில்லை. அண்ணன் கையை எடுத்தான்.

"கழுத்துக்குக் கீழே முழங்கையைக் குடு. இன்னொரு கை முதுகுக்கு. ஆங், அப்படித்தான். நான் இடுப்பைப் பிடிச்சுக்கறேன்."

அவன் அவள் சொன்னபடியே செய்தான். அப்பாவின் தலை அவன் மார்பில் சாய்ந்தது. மருந்து வாசனை அடித்திருக்க வேண்டும், முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டான். பிறகு திருப்பாமல் அப்படியே வைத்துக்கொண்டான்.

அவள் குனிந்து இரண்டு கைகளையும் இடுப்புக்கு அடியில் கொடுத்தாள். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும், சரியாக இந்த இடத்தில், அப்பா திட்டுவார். "மெல்லடி மூதேவி, மனுசனா மூட்டையா?" என்பார். அவர் திட்டி முடித்து மூச்சு வாங்கின பிறகுதான் தூக்குவாள். முன்னால் தூக்கினால் அவருக்கு மூச்சுப் பிடித்துக்கொள்ளும்.

"தூக்கட்டுமா?" என்றான் அண்ணன்.

"இரு."

டிரைவர் வாசலைப் பார்த்தான். அண்ணி திரும்பிப் பார்த்தாள். தங்கை குனிந்தபடியே ஒரு திட்டு முடிகிற நேரம் நின்றாள்.

"ம். இப்போ தூக்கு."