எப்பவும் எரியும் விளக்கு

"சாவியக் குடு."

கார் விஷயத்தில் அண்ணனிடம் எதுவும் கேட்கக் கூடாதென்று அம்மா காலையிலேயே தங்கையிடம் சொல்லி வைத்திருந்தாள். அப்படியும் அவள் கேட்டுவிட்டாள்.

அப்பாவை ஏற்றிய சவ வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது. பின்னால் போக வேண்டிய கார் இன்னும் வாசலில் நின்றது. பின்சீட்டில் அம்மா, மடியில் அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கூடு. நேற்று சாயங்காலம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்ததும் அந்தச் சீட்டில்தான். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் ஹெட்லைட் மங்கி, கார் நின்றது. ஆட்டோ பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"புது பேட்டரி மாட்டியாச்சு. தொட்டதும் கெளம்புது," என்றான் அண்ணன். விடிந்ததும் அவனே கழற்றி அவனே மாட்டியது. மெக்கானிக்கிடம் விடுவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

"சார்ஜ் ஏறுதான்னு பாத்தியா?"

"இன்ஜினியர் பட்டம் வாங்குனவங்க வந்துட்டாங்க. சாவியெல்லாம் கெடையாது. நான் ஸ்டார்ட் பண்றேன், பாத்துத் தொல."

"இன்னிக்கா இதெல்லாம்?" என்றார் சித்தப்பா. "வண்டி முன்னால போயிடுச்சு, ஏறும்மா."

அவள் பானெட்டைத் தூக்கி, கைப்பையிலிருந்து வோல்ட் மீட்டரை எடுத்து அதன் கம்பிகளைப் பேட்டரி முனைகளில் வைத்தாள். பன்னிரண்டரை வோல்ட். இன்ஜின் ஓடினால் பதினாலுக்கு ஏற வேண்டும். அண்ணன் ஸ்டார்ட் செய்தான்; இன்ஜின் ஓடியது, எண் ஏறவில்லை. ஹெட்லைட்டைப் போடச் சொன்னாள். எண் இறங்கத் தொடங்கியது. கம்பி சரியாகப் படவில்லையோ என்று அழுத்திப் பிடித்தாள். அப்போதும் இறங்கியது.

"சார்ஜ் ஏத்துற டைனமோ ஒண்ணுமே குடுக்கல. புது பேட்டரியத் தின்னுட்டு ஓடுது. இதுவும் வழியில நிக்கும்."

ஜன்னலில் குனிந்தாள். டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு.

"இது?"

"அது எப்பவும் எரியும்."

"எப்பவும்னா? நேத்தும் எரிஞ்சுதா?"

அண்ணன் ஸ்டியரிங்கைத் துடைத்தான். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

"இதக் காட்டித்தானேடா," என்றாள் அம்மா பின்சீட்டிலிருந்து, "அப்பா உன்கிட்ட கார ஒர்க்‌ஷாப்புல விடச் சொன்னாரு?"

சித்தப்பா தெருவைப் பார்த்தார்.

அவள் ஜன்னல் வழியே கையை நீட்டி இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவினாள். யாரும் தடுக்கவில்லை.

"நாங்க ஆட்டோல போறோம் சித்தப்பா. நீங்க அவனக் கூட்டிட்டு வாங்க."

அம்மாவை அவள் கேட்கவில்லை. கேட்டைத் திறந்து வெளியே நடந்தாள். காரின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை, பின்னால் வந்த செருப்புச் சத்தத்துக்காக நடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.