ஆந்தை தின்ற பெண் எலிகள்

அத்தான் பெயரில் வந்திருந்த கட்டுரையைச் சின்னவள் அருங்காட்சியகத்தின் எலும்பு அறையில் நின்றபடியே படித்தாள். முதல் பத்தியிலிருந்தே வாக்கியங்கள் அவளுடையவை. ஒரு இடத்தில் அவள் போட்டிருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது.

அத்தான் அக்காவின் கணவர், அந்த அருங்காட்சியகத்தில் பாலூட்டிகள் பிரிவுக்குத் தலைவர். சின்னவள் அதே பிரிவில் ஆராய்ச்சியாளர். எலி மாதிரிச் சின்ன உயிர்களின் எலும்பை மட்டும் வைத்து, ஆணா பெண்ணா என்று சொல்வதுதான் அவள் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட வேலை. ஆண் எலிக்கு ஒரே ஒரு எலும்பு அதிகம். அரிசி நொய் அளவுக்கு, வேறெந்த எலும்போடும் ஒட்டாமல், குறிக்குள் இருக்கும். ஆந்தை எலியை விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும்போது அந்த நொய் எங்கே போனதென்றே தெரியாது. ஆகவே இடுப்பெலும்பைத்தான் பார்க்க வேண்டும். அதன் முன்பகுதி ஆணுக்குத் தடித்திருக்கும். பெண்ணுக்கு இழுத்துவிட்ட கம்பி மாதிரி மெலிந்து நீண்டிருக்கும்.

அந்த முறைப்படி ஆந்தை உருண்டைகளைப் பிரித்துப் பார்த்ததில் பெரும்பாலானவை ஆண் எலிகள் என்று வந்தது. ஆண் எலி துணிந்து வெளியே அலைகிறது, ஆந்தையிடம் மாட்டுகிறது, பெண் வளையை விட்டு நகர்வதில்லை. கட்டுரை சொன்னது இதைத்தான். பத்திரிகைகள் அதை ஆசையாசையாகப் போட்டன. அத்தான் தொலைக்காட்சியில் வந்து, "எலியானாலும் ஆம்பளை ஆம்பளைதான்" என்று சிரித்தார்.

கட்டுரையைப் படித்த அன்று மாலையே சின்னவள் அக்கா வீட்டுக்குப் போனாள். சின்னவள் வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்து ஆஸ்பத்திரியில் கிடந்த சமயத்தில் அவள் வீட்டுச் சாவி அக்காவிடம்தான் இருந்தது.

"அக்கா, என் மேசையில இருந்த பென் டிரைவ எடுத்தியா?"

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அவர் கேட்டார். குடுத்தேன். இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?"

"அது என் உழைப்புக்கா."

"உனக்கென்னடி, ஒத்தைக் கட்டை. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு இன்னொண்ணு எழுதுவ. அவருக்கு வயசு ஏறுது, இயக்குநர் பதவி வரப்போற நேரம். எல்லாம் வீட்டுக்குள்ளதானே?"

அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். அம்மா அழுதுகொண்டே, "வெளியில சொல்லி நம்ம மானத்த சந்தி சிரிக்க வச்சுடாதடி. உன் காலைப் பிடிக்கிறேன்" என்றாள். சின்னவள் ஃபோனைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கட்டுரை தப்பு.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடந்தபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. பெண் என்று உறுதியாகத் தெரிந்து அவள் அளந்த எலும்புகள் எல்லாமே குட்டி போட்ட எலிகளுடையவை. குட்டி வெளியே வருவதற்காகத்தான் அந்த எலும்பு கரைந்து மெலிகிறது என்றால்? குட்டியே போடாத பெண்ணின் இடுப்பு ஆணுடையதைப் போலத்தானே இருக்கும்? அப்படியானால் அவள் ஆண் என்று எண்ணியதில் பாதிக்கு மேல் இளம் பெண் எலிகள். வளையை விட்டு வெளியேறி, இடம் தேடி அலைந்து, ஆந்தை வாயில் போனவை. வீட்டுக்குப் போனதும் சரிபார்த்துத் திருத்த வேண்டும் என்று நினைத்திருந்தாள். அதற்குள் அது அத்தானுடையதாகிவிட்டது.

திருத்த வேண்டியது இனி அவர் பாடு. சின்னவள் வாயைத் திறக்கவில்லை.

வீட்டின் பின்னறையில் கூண்டுகளை வாங்கி அடுக்கினாள். வயல் எலிகளைப் பிடித்துவந்து வளர்த்து, அவற்றின் குட்டிகளில் பெண்களை மட்டும் தனியே பிரித்தாள். ஆண் வாடையே படாமல் வைத்திருந்தாள். ஒன்றை மட்டும் ஆணோடு விட்டுக் குட்டி போட வைத்தாள். எதையும் கொல்லவில்லை. வயதாகித் தானே சாகட்டும் என்று விட்டாள். அவசரப்பட்டால் அரைகுறையாகத்தான் அடி விழும். ஒவ்வொன்றும் சாகச் சாகத் தோலை உரித்துப் பதப்படுத்தினாள், எலும்பைச் சதை தின்னும் வண்டுகளிடம் விட்டுச் சுத்தம் செய்தாள். இடுப்பை விளக்கடியில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு குளிர்ந்தது. தடித்த எலும்பு. அச்சு அசல் ஆண்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதை அவள் நிறுத்தவில்லை. "உன் மூளை இல்லாம என் பிரிவே ஓடாது" என்பார் அத்தான், இன்னொரு கரண்டி போடச் சொல்லி. அவள் சிரித்துக்கொள்வாள். அக்காவுக்கு நிம்மதி. தங்கை மறந்துவிட்டாள் என்று நினைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து அந்த நாள் வந்தது. பழைய இயக்குநர் ஓய்வு பெறுகிறார். அந்தக் கட்டுரையைப் பற்றி அத்தான் உரை நிகழ்த்த வேண்டும், கேட்டுவிட்டுத் தேர்வுக் குழு முடிவு சொல்லும். குழுத் தலைவி வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை, பேச்சைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டுகிறவர். முன்வரிசையில் அக்கா புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

உரை முடிந்தது. கைத்தட்டல் அடங்கியதும் சின்னவள் எழுந்தாள். கையில் ஒரு தட்டு. அதில் பஞ்சின் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன இடுப்பெலும்புகள்.

"இது என் மச்சினி" என்றார் அத்தான் சபையைப் பார்த்து. "வீட்டுலயும் கேள்விதான், இங்கயும் கேள்விதான்." சபை சிரித்தது.

"உங்க முறைப்படி இதுல எது ஆண், எது பெண்ணுன்னு சொல்லுங்க அத்தான். பெரிய வேலை இல்லையே."

அவர் லென்ஸை எடுத்துக் குனிந்தார். இந்த இடத்தில் தப்பு வர வாய்ப்பே இல்லை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. "ஆண். இதுவும் ஆண். ஆண்... இது பெண். மத்த எல்லாம் ஆண்."

"நல்லாப் பார்த்துட்டீங்களா?"

"கண்ணை மூடிட்டே சொல்லலாம்மா."

சின்னவள் பையிலிருந்து தோல்களை எடுத்து மேசையில் விரித்தாள். ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் பால் காம்புகள். ஆண் எலிக்குக் காம்பே கிடையாது என்பது அந்தச் சபையில் எல்லாருக்கும் தெரியும்.

"இதுங்க எல்லாம் நான் வளர்த்த பெண் எலிங்க. நீங்க பெண்ணுன்னு சொன்ன ஒண்ணு மட்டும் குட்டி போட்டது. மத்ததுங்க போடல. அவ்வளவுதான் வித்தியாசம்."

பேராசிரியை எழுந்து வந்து தோல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எலும்புகளையும் பார்த்தார். "அப்போ ஆந்தை தின்னது...?"

"பெரும்பாலும் பெண்ணுங்கதான். இந்தத் தப்பைச் செஞ்சதே நான்தான் மேடம். அது என் கட்டுரையோட முதல் வரைவு. திருத்தறதுக்குள்ள என் மேசையில இருந்து காணாமப் போச்சு."

 பேராசிரியை அத்தான் பக்கம் திரும்பினார். "இந்த முறைய யார் கண்டுபிடிச்சது?"

அத்தான் லென்ஸை மேசையில் வைத்தார். தன்னுடையது என்றால் முட்டாள், அவளுடையது என்றால் திருடன். தண்ணீர் கிளாஸை எடுத்தார். குடிக்காமலேயே திரும்ப வைத்தார். சின்னவள் அவர் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. இரண்டு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். ஒரு நொடியைக்கூடத் தவறவிட அவளுக்கு மனமில்லை.

பதவி வேறொருவருக்குப் போனது. அத்தானின் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. விசாரணை வருவதற்கு முன்பே அவர் நீண்ட விடுப்பில் போய்விட்டார்.

உரை நடந்த மறுநாள் காலையே அக்கா சின்னவள் வீட்டுக்கு வந்திருந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"தப்புன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"வெளிவர்றதுக்கு முன்னாடியே."

"ரெண்டு வருஷம். வாராவாரம் என் கையால வாங்கிச் சாப்பிட்ட. அப்பல்லாம் மனசுக்குள்ள இதுதான் ஓடிட்டிருந்துச்சா?"

"ஆமா."

"அவரை மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமேடி."

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுத்திருக்கலாமேக்கா."

அக்கா அறையப் போவதுபோல் கையை ஓங்கினாள். கை பாதியில் நின்றது. "எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். சின்னவள் கூப்பிடவில்லை. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.  சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்தாள். வலித்தது. ஆனால் மறுபடி வாய்ப்பு வந்தால் இதையேதான் செய்வாள் என்பதும் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த வருடம் திருத்திய கட்டுரை அவள் பெயரில் வந்தது. ஒரு பிரதியை அக்கா வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பினாள். உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது.

அவள் புதுத் தபால்தலை ஒட்டி மறுபடியும் அனுப்பினாள்.