ஆங் மோ கியோவில் இறங்காத கத்தி

அப்துல் காதரின் வெட்டுக்கத்தி பிப்ரவரி மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை ஃபேரர் பார்க்கில் தனியாக ரயிலேறி, டோபி காட் நிலையத்தில் வண்டி மாறி, மாலை ஆறே முக்காலுக்கு உட்லண்ட்ஸில் இறங்கியது. வேலை விடும் நேரமானதால் வண்டியில் நல்ல கூட்டம். இருந்தும் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. முழங்கை நீளமிருந்த அந்தக் கத்தி, தன் பழைய துண்டைத் தானே சுற்றிக்கொண்டு கதவோரமாக நின்றபடி வந்ததென்றும், நொவீனாவில் ஒரு பள்ளி மாணவி எழுந்து அதற்கு இடம் கொடுத்தாளென்றும் பிறகு கேமராப் பதிவைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கட்டணக் கதவை எப்படித் தாண்டியது என்ற கேள்விக்கு, சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, இது அவர்களைவிடக் குட்டை என்று நிலையத்தில் ஒருவர் பதில் சொன்னார். அந்தப் பதிவில் ஆங் மோ கியோ நிலையமும் இருந்தது. கதவு திறந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், கதவு மூடியது. கத்தி இறங்கவில்லை. அப்துல் காதரின் வீடு ஆங் மோ கியோவில்தான் இருந்தது.

அது போய் நின்ற இடம் மங்களத்தின் வீட்டு வாசல். ஒன்பதாவது மாடி, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், இரும்புக் கதவில் சாய்ந்தபடி. மங்களத்தின் கணவர் செல்வராஜ் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்த அவர்தான் அதை முதலில் பார்த்தார். “மங்களம், காதர் பாயோட கத்தி வந்து நிக்குது. உள்ள எடுக்கவா, வேணாமா லா?” என்று வெளியே இருந்தே கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான். மங்களம் பிறந்ததிலிருந்து சைவம். செல்வராஜ் வெளியே சிக்கன் ரைஸ் சாப்பிட்டால் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வீடு ஏறுவார். முப்பது வருஷமாக ஆட்டைக் கண்ட கத்தியை எந்த மேடையில் வைப்பது? கடைசியில் மங்களம் அதைத் துணி காயப்போடும் ஜன்னலோரம் ஒரு புது வாளிக்குள் நிறுத்தி வைத்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வாயெடுத்து, அது கத்தி என்பது நினைவுக்கு வந்து, போய் விளக்கேற்றினாள்.

பத்தொன்பது வருஷமாக மங்களம் ஃபேரர் பார்க்கில் நாகூர் கனியின் விருந்துச் சமையல் கூடத்தில் வேலை பார்த்தாள். பிரியாணிக்குப் பேர்போன இடம் அது. ஆனாலும் இந்துக் கல்யாணங்களுக்கும் கோயில் விசேஷங்களுக்கும் சைவச் சாப்பாடு கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால், நாகூர் கனி ஒரு பக்கச் சுவரோரம் தனி மேசை, தனி அடுப்பு, தனிக் குழாய் என்று போட்டுக் கொடுத்து மங்களத்தை அமர்த்தினார். அவளிடம் பூசணியைப் பிளக்கும் அளவுக்குப் பெரிய கத்தி ஒன்று இருந்தது. அதைக் கூடத்தில் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. அவசரத்துக்கு யாராவது எடுத்து ஒரு கோழிக்காலை வெட்டிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அதனால் தினமும் துணியில் சுற்றிப் பையில் போட்டு, கத்தி வேலைக்குத்தான் என்று முதலாளி எழுதிய கடிதத்தோடு ரயிலில் கொண்டுவந்து கொண்டுபோனாள். அவள் மேசையிலிருந்து பத்தடி தள்ளி அப்துல் காதரின் இறைச்சி மேசை. காலை ஏழு மணிக்கு இருவரும் தொடங்குவார்கள். அவர் ஒரு டொக் போட்டால் இவள் இரண்டு டொக் போடுவாள்; வெட்டி முடிக்கும்வரை தாளம் தவறாது. பேச்சு குறைவு. மழை, பிள்ளைகளின் பரீட்சை, லிஃப்ட் பழுது, அவ்வளவுதான். அவள் வேகம் குறைந்தால் மட்டும், “என்ன மங்களம், தூங்கிட்டீங்களா?” என்று அங்கிருந்து குரல் வரும்.

ஜனவரி கடைசியில் ஒரு காலை, ஒரு டொக்குக்கும் அடுத்த டொக்குக்கும் நடுவில் அப்துல் காதர் சரிந்து விழுந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தது, வலது கையும் பேச்சும் போயின. அவர் இடத்துக்கு ஸைஃப் என்பவன் வந்தான். சமையல் கலையில் டிப்ளோமா வாங்கியவன், நல்ல வேலைக்காரன். அப்துல் காதரின் கத்தி அவன் கையில் வெட்ட மறுத்தது. கறியின்மேல் வைத்து அழுத்தினால் பள்ளிக்கூட அடிக்கோல்போல அப்படியே கிடந்தது. சாணை பிடித்துப் பார்த்தார்கள், கருவேப்பிலைகூட அறுபடவில்லை. ஸைஃப் வேறு கத்தி வாங்கிக்கொண்டான். பழையது பதினொரு நாள் ஆணியில் தொங்கிவிட்டு, பன்னிரண்டாம் நாள் கிளம்பிவிட்டது.

மறுநாள் மங்களம் அதைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். சாயங்காலம் அது உட்லண்ட்ஸில் நின்றது. வியாழக்கிழமை மறுபடியும் கொண்டுபோகும்போது நிலையத்தில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கதிரேசன் என்ற இளம் போலீஸ்காரர் கடிதத்தைப் படித்தார், பையைப் பார்த்தார், மறுபடியும் கடிதத்தைப் படித்தார்.

“ஆண்ட்டி, லெட்டர்ல ஒரு கத்திதான் போட்டிருக்கு. இங்க ரெண்டு இருக்கே?”

“இது என்னோடது தம்பி. அது தானா வருது. நான் திருப்பிக் கொண்டுபோய் விடுறேன்.”

கதிரேசன் சிரிக்கவில்லை. அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டார். இரண்டு நாளின் பதிவுகளை ஓட்டிப் பார்த்தார்கள். கத்தி வரிசையில் நின்று, இறங்குபவர்களுக்கு வழிவிட்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் காத்திருந்து ஏறுவதைப் பார்த்த மேலதிகாரி, அது தனியாகப் போவதைவிட ஒரு பெரியவர் துணையோடு போவதுதான் முறை என்று முடிவு செய்தார். நாகூர் கனி புதுக் கடிதம் எழுதிக் கொடுத்தார்: கத்தி இரண்டு, ஒன்று இவருடையது, மற்றது இவருடன் வருவது.

வெள்ளிக்கிழமை மங்களம் அதை உரியவர் வீட்டுக்கே கொண்டுபோனாள். அப்துல் காதரின் மனைவி ஆயிஷா கதவைத் திறந்தார். வீடு சத்தமில்லாமல் இருந்தது. நோயாளிக்கு அமைதி வேண்டும் என்று ஆயிஷா தொலைக்காட்சியை யாருக்கோ கொடுத்துவிட்டார். சமையலறையில் வெட்டும் சத்தம்கூட எழக்கூடாதென்று கடையில் நறுக்கி விற்கும் காய்களைத்தான் வாங்கினார். அப்துல் காதர் நடுக்கூடத்தில் சக்கர நாற்காலியில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். மங்களம் வந்ததும் திரும்பிப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார். ஆயிஷா கத்தியை இரு கையாலும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். சனிக்கிழமை மதியம் அது உட்லண்ட்ஸில் நின்றது. செல்வராஜ் எதுவும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

அன்று ஆயிஷா தொலைபேசியில் பேசினார். கேமராப் பதிவு விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. “முப்பத்தோரு வருஷமா அவுகளுக்குச் சோறு போடுறவ நான். அவுக கத்தி எங்க ஸ்டேஷன்ல இறங்காம உங்க வாசல்ல போய் நிக்குதுன்னா, நாலு பேர் என்ன பேசுவாங்க? நீங்களே சொல்லுங்க மங்களம்.” ஆயிஷா அதற்குப் பிறகு அவள் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார். சமையல் கூடத்திலும் நாலு பேர் பேசத்தான் செய்தார்கள். மங்களம் அரிசி களையும்போது தன்னைத்தானே விசாரித்துப் பார்த்தாள். வீட்டில் சொல்ல முடியாதபடி அந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் அன்றன்றைக்கே செல்வராஜிடம் சொல்லியும் இருந்தாள். அவளை உறுத்தியது வேறு: இத்தனை வருஷத்தில், உங்களுக்குக் கை வலிக்கவில்லையா என்று ஒரு நாளும் அவரைக் கேட்டதில்லை.

அப்படியாக அவள் தினமும் இரண்டு பெரிய கத்திகளைச் சுமக்கத் தொடங்கினாள். நோன்பு மாதம் வந்து போனது, பெருநாள் போனது. இடது தோளில் பை அழுத்திய இடம் கன்றிப்போயிற்று. கூடத்தில் அந்தக் கத்தியைத் தன் மேசைக்கு மேலே ஒரு பலகையில் தனியாக வைத்தாள். ஒரு நாள் நாகூர் கனி தயங்கித் தயங்கி, “நீங்க பிடிச்சா கறி வெட்டும்னு தோணுதும்மா” என்றார். “அது மட்டும் சொல்லாதீங்க முதலாளி” என்றாள் மங்களம்.

மே மாதத்தில் ஒரு காலை ஸைஃப் விடுப்பில் இருந்தான். இறைச்சி மேசை காலி, அரைக்கும் இயந்திரமும் ஓடவில்லை. மங்களம் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு டொக் போட்டதும் மேலே பலகையில் ஒரு டொக் கேட்டது. நிறுத்தினாள். அதுவும் நின்றது. தொடங்கினாள். துணிக்குள் கிடந்தபடியே கத்தி தன் பங்கைப் போட்டது. அவள் வேண்டுமென்றே மெதுவாக வெட்டிப் பார்த்தாள். மேலே இருந்து அவசரமாக மூன்று முறை கேட்டது, தூங்கிட்டீங்களா என்று கேட்பதைப்போல. இவ்வளவு நாளும் இயந்திரச் சத்தத்தில் இது அமுங்கிப்போயிருந்தது. மங்களம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமும் இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று செல்வராஜிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். “அப்ப அது உனக்காகவும் வரல, கறிக்காகவும் வரல. சத்தத்துக்கு வருது. ஆங் மோ கியோல ஏதாச்சும் சத்தம் இருக்கா?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மங்களம் ஆயிஷாவிடம் முன்கூட்டிச் சொல்லாமல் ஆங் மோ கியோவுக்குக் கிளம்பினாள். பையில் இரண்டு கத்திகள், வெட்டுப்பலகை, மூன்று கிலோ வெங்காயம். ஆயிஷா மரக்கதவைத் திறந்தார், இரும்புக் கதவைத் திறக்கவில்லை.

“என்ன வேணும் மங்களம்?”

“ஒண்ணும் வேணாம்க்கா. உங்க அடுப்படில கொஞ்சம் வெங்காயம் வெட்டிட்டுப் போறேன். பத்தே நிமிஷம்.”

“உங்க வீட்டுல பலகை இல்லையா?”

“பலகை இதோ கையிலயே இருக்கு. பாய் கேக்கணும்க்கா. பிடிக்கலன்னா இனிமே வரமாட்டேன்.”

ஆயிஷா வெகுநேரம் அந்த வெங்காயப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு எதைக் கொண்டுவந்திருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று பின்னாளில் சொன்னார். அன்று பூட்டைத் திறந்தார்.

மங்களம் சமையலறைத் தரையில் பலகையைப் போட்டு உட்கார்ந்து வெட்டினாள். டொக் டொக். கொஞ்சம் இடைவெளி விட்டாள். டொக் டொக். மூன்றாவது முறை அந்த இடைவெளியில் கூடத்திலிருந்து “டொக்” என்று ஒரு குரல் வந்தது. கத்தி பைக்குள் அசையாமல் கிடந்தது. சொன்னது அப்துல் காதர். நாலு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்.

ஆயிஷா ஓடிப்போய் அவர் முன்னால் உட்கார்ந்தார். “ஏங்க, என்னைப் பாருங்க. நான் யாரு? என் பேரச் சொல்லுங்க.” அப்துல் காதர் அவரைப் பார்த்து, முகம் முழுவதையும் திரட்டி, “டொக்” என்றார். ஆயிஷாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “என் பேரு வரல, இது மட்டும் வருது பாருங்க!” என்று சமையலறையைப் பார்த்துச் சத்தம் போட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, பையிலிருந்து கணவரின் கத்தியை எடுத்து, மங்களத்துக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார். அந்தக் கத்தி அவர் கையில் வெங்காயத்தை வெண்ணெய்போல வெட்டியது. ஆனால் ஆயிஷாவுக்குத் தாளம் பிடிபடவில்லை, முந்தினார், பிந்தினார். ஒவ்வொரு முறையும் கூடத்திலிருந்து கண்டிப்பான ஒரு டொக் வந்து அவரைத் திருத்தியது. மூன்று கிலோவும் தீர்ந்தபோது மணி பன்னிரண்டு.

அன்றிலிருந்து கத்தி ஆங் மோ கியோவிலேயே தங்கிவிட்டது. ஆயிஷா தினமும் காலையில் வெட்டினார். இரண்டு பேருக்கு வேண்டியதைவிட அதிகம் வெட்டியதால் அந்த மாடியில் எட்டு வீடுகளுக்கு வெங்காயம் போயிற்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஓர் ஆட்டுத்தொடையைத் தனியாகவே துண்டு போட்டார். ஆகஸ்டில் அப்துல் காதரைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்துவிட்டு, நாகூர் கனியிடம் போய் இறைச்சி மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஸைஃப் சந்தோஷமாகப் பரோட்டாப் பக்கம் போய்விட்டான். அப்துல் காதருக்கு அந்த ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் வரவில்லை. அதை வைத்தே தண்ணீர் கேட்கவும், ஆளை அனுப்பவும், மனைவியைக் கேலி செய்யவும் அவர் பழகிக்கொண்டார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், மங்களம் வீடு வந்து பையைத் திறந்தால் அவளுடைய காய்கறிக் கத்தி இல்லை. அவள் தேடத் தொடங்குவதற்குள் ஆயிஷாவின் அழைப்பு வந்தது. “உங்களது இங்க வந்து நிக்குது. கதவோரமா, ரொம்ப மரியாதையா.” மங்களம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வருஷம் கூடத்தில் ஒரு ராத்திரிகூட விட்டுவைக்காத கத்தி. அவள் என்ன நினைக்கிறாள் என்பது ஆயிஷாவுக்குப் புரிந்தது. “புதுத் துண்டுல சுத்தி மேல் அலமாரில தனியா வெச்சுட்டேன். மீன் வாசனைகூடப் படாது, அல்லா மேல சத்தியம்.” மங்களம் திறந்த பையை மூடினாள். “சரிக்கா, இருக்கட்டும். வரும்போது எடுத்துட்டு வாங்க” என்றாள். அன்று முதல் அது மாலையில் அங்கே போய்விடுவதும், காலையில் ஆயிஷாவோடு வேலைக்கு வருவதும் வழக்கமாயிற்று. மங்களத்தின் பையில் குடையும் சாப்பாட்டு டப்பாவும் மட்டும் இருந்தன. முதல் வாரம் முழுக்க அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தாள். பிறகு நிமிர்ந்துவிட்டாள்.

ஆயிஷாவின் மாடியிலேயே குடியிருக்கும் வடிவேலு ஒரு காலை லிஃப்டில் அவர் பையை எட்டிப் பார்த்து, எதற்கு இத்தனை பெரிய கத்தி இரண்டு என்று கேட்டார்.

“ஒண்ணு வீட்டுக் கத்தி. இன்னொண்ணு எங்களப் பாக்க வந்துச்சு. வேலைக்கு நேரமாச்சுல்ல, கூட்டிட்டுப் போறேன்” என்றார் ஆயிஷா.

வடிவேலு தலையாட்டினார். தங்கள் வீட்டுக்கும் போன வாரம் விருந்தாளி வந்திருந்ததாகச் சொன்னார். லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்தது. கனமான பை முதலில் போகட்டும் என்று அவர் ஒதுங்கி நின்றார்.