மாமன்னருக்கு என்ன வயது?

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது எப்படி என்று யாராவது வகுப்பு எடுத்தால், பாடம் நடத்த என்னைத்தான் கூப்பிட வேண்டும். என் மனைவியை அந்த இசை நாடகத்துக்கு வரலாற்று ஆலோசகராகச் சிபாரிசு செய்தவன் நானேதான்.

முப்பது வருடமாக மேடையில் ஈட்டி பிடித்தவன் நான். தூதுவனாக வந்தேன், வைத்தியராக வந்தேன், ஒரு நாடகத்தில் முதல் காட்சியிலேயே இடி விழுந்து செத்தும் போனேன். ஐம்பத்து நாலு வயதில், தொப்பை வந்து சேர்ந்த பிறகு, கதாநாயகன் வேஷம் தேடி வந்தது. அதுவும் சாதாரண வேஷமா? பள்ளிப் புத்தகத்தின் அட்டையில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கும் மாமன்னர். முக்கால்வாசிப் பாட்டும் அவருக்குத்தான். இதை விட்டால் எனக்கு இனி கிழட்டு மந்திரி வேஷம்தான் என்பதும் தெரியும்.

டைரக்டர் வயதில் சின்னவர், ஆனால் சூடு கண்ட பூனை. அவருடைய போன நாடகத்தில் அரண்மனைத் தூணுக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததாம். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. இந்தத் தடவை விளம்பரத்தில் ‘ஒவ்வொரு இழையும் வரலாறு’ என்று போடப் போவதாகச் சொன்னார்.

“அண்ணே, விஷயம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.”

“எங்க வீட்டுலயே இருக்காங்க தம்பி,” என்றேன். நாக்கில் சனி.

என் மனைவி கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியை. அந்த மன்னரைப் பற்றியே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். சிலருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. அவளுக்குப் பொய் ஒத்துக்கொள்ளாது. என் நாடகம் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, “சுமார்” என்பாள். அந்த இடி நாடகத்தைப் பார்த்துவிட்டு மட்டும், “இடி விழுந்த பிறகு பரவாயில்ல” என்றாள்.

ஒத்திகைக் கூடத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு, கையில் ஒரு மணியையும் கொடுத்தார் டைரக்டர். தப்பு வந்தால் அடிக்க வேண்டும். முதல் நாள் மணி ஓயவே இல்லை. ராணியின் குதிகால் செருப்பு போனது. பீரங்கி போனது. “அது வர்றதுக்கு இன்னும் அறுநூறு வருஷம் இருக்கு,” என்றாள். தளபதி தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பாடும் பாட்டு அடியோடு போனது. தளபதியாக நடித்தவனை, தலைமுடியைப் பார்த்து, சுருளி என்போம். இருபத்தெட்டு வயது, தேன் மாதிரி குரல். அவன் பாட்டு போனபோது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்ததை ஏன் மறைக்க வேண்டும்?

அப்புறம் மணி என் பக்கம் திரும்பியது.

“மீசை கூடாது. அந்தக் காலத்து நாணயத்துல எல்லாம் மழுமழுன்னுதான் இருக்கார்.”

வீட்டுக்கு வந்து குதித்தேன். “ஆசை ஆசையா வளர்த்ததுடி!”

“நான் என்னங்க பண்றது? அவர் வளர்க்கலையே.”

எடுத்தேன். கண்ணாடியில் மாமன்னரைக் காணோம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அரியணை போய், தரையோடு தரையாக ஒரு பலகை வந்தது. அதில் நான் உட்கார்ந்தால், எழுப்பிவிட இரண்டு படைவீரர்கள் தேவைப்பட்டார்கள். டைரக்டருக்கோ வரலாற்றுப் பித்து தலைக்கேறிவிட்டது. பேராசிரியை சொன்னால் வேதவாக்கு.

ஒரு மதியம் முடிசூட்டுப் பாட்டின் நடுவில் அவருக்கே ஒரு சந்தேகம் வந்து, கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார்.

“மேடம், இவர் பட்டத்துக்கு வந்தப்போ என்ன வயசு? இறந்தப்போ என்ன வயசு? நிஜ வயசுக்குத் தகுந்த ஆளைத்தான் போடணும். இல்லைன்னா இவ்வளவு பண்ணதுக்கும் அர்த்தமே இல்ல.”

விடை எனக்குத் தெரியும். பத்தொன்பதில் பட்டம், முப்பத்தொன்றில் காய்ச்சல் கண்டு மரணம். புத்தக அட்டையில் இருக்கும் நரை, படம் வரைந்தவரின் தாராளம். உடைந்த கல்வெட்டு ஒன்றை வருடக்கணக்கில் படித்து என் மனைவி கண்டுபிடித்தது அது. அதற்காகத்தான் அவளுக்குப் பட்டமே கிடைத்தது. அந்த ஆராய்ச்சியைப் படித்தவர்கள் உலகத்திலேயே நான்கு பேர். நான்காவது ஆள் நான், அதுவும் காதால். கல்யாணமான புதிதில் அவள் வாய்விட்டுப் படிக்க, எதிரே உட்கார்ந்து தூங்கி விழுந்தவன். செருப்புக்கும் மீசைக்கும் மணியடித்தவள் என் வயதுக்கு மட்டும் ஒரு நாளும் அடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சுருளி முதுகை நிமிர்த்திக்கொண்டான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டைரக்டரைப் பார்த்தாள்.

“நடு வயசு தாண்டித்தான் பட்டத்துக்கு வந்தார். அறுபது வரைக்கும் இருந்தார்.” குரலில் ஒரு பிசிறு இல்லை.

“ஆதாரம் கேட்டா என்ன சொல்றது மேடம்?”

“என் பேரைப் போட்டுக்கங்க.”

முப்பத்தொன்று என்று சொல்ல வாய் எடுத்தேன். அதே வாயால் விட்ட அடியிலிருந்து பாட்டைத் தொடர்ந்தேன்.

பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏன்மா அப்படிச் சொன்னே?” என்று கேட்டேன்.

“வேற யாரும் உங்களுக்கு இந்த மாதிரி வேஷம் குடுக்க மாட்டாங்க,” என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே.

அரங்கேற்றத்தன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. அறுபது வயது மன்னருக்காக டைரக்டர் புதிதாக ஒரு முதுமைப் பாட்டு சேர்த்திருந்தார். அதை நான் பாடி முடித்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒப்பனை அறைக்கு ஒரு விமர்சகர் வந்தார். என்னைத் தாண்டிப் போய் என் மனைவியைக் கும்பிட்டு, “இன்னைக்குத்தான் நிஜமான மன்னரைப் பார்த்தேன்,” என்றார். அவள் நன்றி சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு என் மேலங்கியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருந்தேன்?”

“ரொம்ப நல்லா இருந்தீங்க.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முப்பது வருடம் ஈட்டி பிடித்தேன்.

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்,” என்றாள், மன்னர் அறுபது வரைக்கும் இருந்தார் என்று சொன்ன அதே குரலில்.