பூட்டு வைக்காத கடை

எங்கள் கடைக் கதவுக்குப் பூட்டு கிடையாது. தொலைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், வைக்கவே இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடையைத் திறந்து வைக்க வந்த கம்பெனிக்காரர் இதைப் பெருமையாகச் சொன்னார். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கிற கடைக்குப் பூட்டு எதற்கு? ஆள் கிட்டே வந்தால் கண்ணாடிக் கதவு தானே விலகும். டிங் டாங் என்று மணி அடிக்கும். கவுண்ட்டரில் இருப்பவர் தலையைத் தூக்கி "வாங்க, வணக்கம்" என்று சொல்ல வேண்டும். எத்தனையோ நாடுகளில் இந்தக் கம்பெனிக்குக் கடை உண்டு. எல்லாவற்றிலும் இதே கதவு, இதே மணி, நுழைந்ததும் இடது பக்கம் இதே காபி மிஷின். "உலகத்தில ஏதோ ஒரு மூலையில நம்ம கடை விளக்கு எரிஞ்சுகிட்டே இருக்கும்" என்று பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சொக்கிப் போனார். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. விளக்கு எரியட்டும், அதற்குக் கீழே நிற்கிற ஆள் எப்போது தூங்குவது?

ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் நிற்பது என்று முடிவாயிற்று. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை நான். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை அவர். ஆரம்பத்தில் உதவிக்கு ஆட்கள் இருந்தார்கள், ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இரண்டு வருஷமாக நாங்கள் இரண்டு பேர்தான். கடைக்கு நேர் மேலே வீடு. ஒரே கட்டில், முறை போட்டுக்கொண்டு படுத்தோம். "சண்டை போடக்கூட நேரம் இல்லாத புருஷன் பெண்டாட்டி இந்த ஊர்லயே நாங்கதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். எனக்குச் சண்டை போட ஆசைதான்.

அவருக்கும் ஒரு ஆசை இருந்தது. வேறு ஏதாவது ஊரில் இருக்கிற எங்கள் கம்பெனிக் கடைக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஜோடியாக நுழைய வேண்டுமாம். உள்ளே இருப்பவர் எங்களைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டுமாம். "ஒரு காபி வாங்கிட்டு, கால்மேல கால் போட்டு உக்காந்து குடிப்போம். மிஷினை நாம கழுவ வேண்டியதில்ல பாரு." பெரிய ஆசை! சந்திர மண்டலத்துக்குப் போகிற மாதிரி அதைச் சொல்வார். உண்மையில் எங்களுக்கு அது சந்திர மண்டலம்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கடையை விட்டு வெளியே போக வழியில்லை.

அப்படியென்றால் பேசுவது எப்படி? அதற்குத்தான் நோட்டு. கவுண்ட்டருக்குக் கீழே ஒரு நீளமான நோட்டு இருக்கும், கம்பெனி கொடுத்தது. ஆள் மாறும்போது போகிறவர் எழுதி வைக்க வேண்டும், வருகிறவர் படிக்க வேண்டும். நேரம், விஷயம், எழுதியவர், படித்தவர் என்று நான்கு கட்டம். படித்ததும் கடைசிக் கட்டத்தில் டிக் போட வேண்டும். மூன்றாவது குளிர்பெட்டியில் சத்தம், பால் வண்டி தாமதம், தொப்பிக்காரர் குடையை மறந்துவிட்டுப் போனார். இப்படித்தான் எல்லாமே அதில் போகும். பிறகு வீட்டு விஷயமும் அதிலேயே ஏறிவிட்டது. மேலே குழாய் ஒழுகுது. உன் தங்கச்சி போன் பண்ணினா. சாம்பார் பிரமாதம், உப்பு மட்டும் எங்கே போச்சு? ஆறு மணிக்கு அவர் இறங்கி வரும்போது கவுண்ட்டரில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். வாயால் பேச ஆரம்பித்தால் முடிக்க முடியாது. அதனால் முக்கியமானது எதுவானாலும் அவர் எழுதித்தான் வைப்பார்.

வாரத்துக்கு ஒரு தடவை, புதன்கிழமை காலை பத்து மணிக்கு, ஏரியா அதிகாரி சோதனைக்கு வருவார். வெயில் மழை எதுவானாலும் கழுத்தில் டை இருக்கும். எங்களுக்குள் அவர் பெயர் டைக்காரர். நோட்டில் டிக் விட்டுப் போயிருந்தால் கடைக்கு மதிப்பெண் குறையும். அதனால் அவர் கார் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் நான் நோட்டை எடுத்து விறுவிறுவென்று ஒரு பக்கம் முழுக்க டிக் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பேன். பாதி நாள் படித்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர் இறங்கி வரவில்லை.

ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் ஆறு தாண்டி வந்ததில்லை. ஆறு ஐந்துக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்க மாட்டேன். கால் இரண்டும் கடுத்தது. 'நல்லா தூங்கறார் மனுஷன், நான் மட்டும் இங்க மாடா உழைக்கணும்' என்று மனசுக்குள் திட்டினேன். வரிசையில் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். கடையை விட்டுவிட்டுப் போக முடியாது, பூட்டவும் முடியாது. ஆறு நாற்பதுக்கு ஒரு நிமிஷம் கடை காலியானது. அப்போதுதான் மாடிக்கு ஓடினேன். சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டன் போடாமல், கட்டில் ஓரத்தில் சாய்ந்திருந்தார். மூச்சு இல்லை. உடம்புச் சூடு இன்னும் முழுதாக ஆறவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். கீழே டிங் டாங், டிங் டாங் என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நாத்தனாரும் அவள் கணவரும் ஓடி வந்தார்கள். அந்த ராத்திரி அவள் கணவர்தான் கவுண்ட்டரில் நின்றார், பாவம், காபி மிஷினில் கையைச் சுட்டுக்கொண்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு எடுப்பதாக முடிவானது. நாத்தனார் கணவரும் தோள் கொடுக்க வந்தாக வேண்டும். அப்படியானால் கடையை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது, "யாரும் பார்க்க வேண்டாம்" என்று சொன்னேன். அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது இந்தக் கடை விளக்கு எரியக் கூடாது. அந்த மணி அடிக்கக் கூடாது. ஒரு மணி நேரமாவது கடை மூடியிருக்க வேண்டும். அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

டைக்காரருக்குப் போன் செய்தேன்.

"சார், நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கறோம். கடையை மூடணும்."

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா மூடறதுன்னா மேலிடத்துல அனுமதி வாங்கணும். வெள்ளம், தீ, அரசாங்க உத்தரவு, இந்த மூணுக்குத்தான் படிவத்துல இடம் இருக்கு."

"சாவுக்கு?"

"ஒருத்தர் தவறிட்டா இன்னொருத்தர் தொடர்ந்து நடத்தணும்னுதான் ஒப்பந்தத்துல இருக்கு மேடம். மாத்து ஆள் கேட்டிருக்கேன். செவ்வாய்க்கிழமை வந்துடுவாங்க."

"அதுவரைக்கும் அவரைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லட்டுமா?"

"மேடம்..."

"ஒரு மணி நேரம் சார். ஒன்பது வருஷத்துல ஒரே ஒரு மணி நேரம் கேக்கறேன்."

"மூடினாலும் பூட்டறதுக்கு அந்தக் கதவுல ஒண்ணும் இல்லையே மேடம்" என்றார் மெதுவாக.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் பயந்துபோய்ப் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அண்ணி, போதும் அண்ணி, வாங்க" என்று என்னை உட்கார வைத்தாள். அந்த ராத்திரி முழுக்க நான் அந்தக் கம்பெனியைத் திட்டினேன். அவரைத் தூங்கவிடாமல் அடித்துக் கொன்றது அந்தக் கம்பெனிதான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். டைக்காரரின் டையைக்கூட விடவில்லை. திட்டிக்கொண்டிருக்கும் வரை அழுகை வரவில்லை, அது ஒரு வசதியாக இருந்தது.

காலை ஒன்பதரைக்கு வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. டைக்காரர் தனியாக இறங்கினார். கழுத்தில் டை இல்லை. டை இல்லாமல் பார்த்தால் ஆளே மாறியிருந்தார், யாரோ வீட்டுத் தம்பி மாதிரி. நேரே கடைக்குப் பின்னால் போய் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். வெளியே பெயர்ப் பலகை அணைந்தது. மணியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார். கதவின் இரண்டு கண்ணாடியையும் கையால் இழுத்துச் சேர்த்துவிட்டு, அதற்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க போய்ட்டு வாங்கக்கா" என்றார். அதுவரை அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. "யாரும் உள்ள வராம நான் பாத்துக்கறேன்."

"மேலிடத்துல?"

"கேட்டா பாத்துக்கலாம். நீங்க கிளம்புங்க."

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் கடை இருட்டாக இருந்ததைப் பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் என் முகமும், பின்னால் அவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் தெரிந்தார்கள். அப்போதுதான் அழுதேன்.

எல்லாம் முடிந்து திரும்பும் வழியில் நாத்தனார் வண்டியை ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "அண்ணி, நேத்திலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல நீங்க. ஒரு வாய் காபியாவது குடிங்க." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கதவு தானே விலகியபோதுதான் பார்த்தேன், எங்கள் கம்பெனிக் கடை. டிங் டாங். என் வாய் தானாக "வாங்க, வணக்கம்" என்றது. கவுண்ட்டரில் இருந்த பெண்ணும் அதே நேரத்தில் அதையே சொன்னாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இடது பக்கம் காபி மிஷின். அதன் பக்கத்தில் இரண்டு பேர் உட்காருகிற பெஞ்சு. நாத்தனார் அதில் உட்காரப் போனாள், அவள் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டேன். நின்றுகொண்டே குடித்தோம்.

கிளம்பும்போது அந்தப் பெண் கவுண்ட்டருக்குக் கீழே குனிந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சுரீர் என்றது. வெள்ளிக்கிழமையிலிருந்து எங்கள் நோட்டை நான் திறக்கவே இல்லை. அவர் கடைசியாக என்ன எழுதினார் என்று தெரியாது.

கடைக்கு வந்தபோது டைக்காரர் அதே ஸ்டூலில் இருந்தார். ஒரு மணி நேரம் என்று கேட்டது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. நான் உள்ளே போய் ஒரே ஒரு விளக்கைப் போட்டு நோட்டை எடுத்தேன். சனிக்கிழமை விடியற்காலை எழுதியது: முட்டை அட்டை இரண்டு உடைந்து வந்தது. குளிர்பெட்டி சத்தம் நின்றுவிட்டது, அதுவாக. அவ்வளவுதான். மனசு கேட்காமல் முந்தைய பக்கங்களைத் திருப்பினேன். அவர் கையெழுத்தையாவது கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று.

செவ்வாய்க்கிழமை இரவு. பால் வண்டிக்கும் துடைப்பம் வாங்க வேண்டும் என்பதற்கும் நடுவில் இருந்தது.

'நேத்தும் இன்னிக்கும் நெஞ்சை அடைச்ச மாதிரி இருந்துச்சு. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பாக்கலாம்னு இருக்கேன். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு, நீயும் வந்தா தேவலை. டைக்காரர் நாளைக்கு வருவார்ல, ஒரு மணி நேரம் கடையை மூடலாமான்னு கேளு.'

படித்தவர் கட்டத்தில் டிக் இருந்தது. என் டிக்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர் இறங்கி வந்து, கவுண்ட்டர் ஓரத்தில் நின்று, "கேட்டியா?" என்று கேட்டார். கையில் ஒருவருடைய சாமான்களை வைத்துக்கொண்டு நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "எதைங்க? ஆள் நிக்கறாங்க பாருங்க, அதெல்லாம் ஒண்ணும் நடக்காது, அப்புறம் பேசலாம்." அவர் தலையை ஆட்டினார். "சரி சரி, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு கடை மேலங்கியை மாட்டிக்கொண்டார். நான் படித்துவிட்டேன் என்றுதானே நினைத்திருப்பார். படித்துவிட்டு, கேட்காமல் இருந்துவிட்டேன் என்று. அல்லது கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று. எதை நினைத்துக்கொண்டு போனார் என்பது எனக்கு இனிமேல் தெரியப் போவதில்லை. ராத்திரி முழுக்க நான் திட்டிய கம்பெனி அப்போது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

டைக்காரர் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் படித்தார். புதன்கிழமை காலை அந்தப் பக்கத்தைப் பார்த்து, எல்லா டிக்கும் சரியாக இருக்கிறது என்று முழு மதிப்பெண் போட்டவர் அவர்தான். அவருடைய கையெழுத்தும் கீழே இருந்தது.

"சார்" என்றேன். "அன்னைக்கு நான் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். ஏதாவது பொய் சொல்ல மாட்டாரா என்று இருந்தது. முடியாது, விதி இடம் கொடுக்காது, படிவத்தில் மூன்றுதான் இருக்கிறது என்று சொல்ல மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்தேன்.

"நானே வந்து உக்காந்திருப்பேன்க்கா" என்றார்.

வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பேனாவை எடுத்தேன். சனிக்கிழமை வரிக்குக் கீழே நேரத்தை எழுதினேன். விஷயம் என்ற கட்டத்தில், 'கேட்டேன். மூடலாம்னு சொல்லிட்டார். வாங்க, போகலாம்' என்று எழுதினேன். எழுதியவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு நோட்டை மூடாமல், என் வீட்டுக்காரர் எப்போதும் எடுத்துப் பார்க்கிற பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மாற்று ஆள் வந்தார். நல்ல மாதிரி. நோட்டைப் பார்த்துவிட்டு, இந்த வரிக்கு மட்டும் டிக் விட்டுப் போயிருக்கிறதே, போட்டுவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.