வகுப்பில் சொன்னது

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கணவருடைய உதட்டை அவள் ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது யாரோ கதவை விரல் நுனியால் தட்டினார்கள். நர்ஸ் தட்ட மாட்டாள். டாக்டர் தட்டவே மாட்டார். துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நாங்க சாரோட ஸ்டூடண்ட்ஸ். உள்ள வரலாமா?"

ஸ்டூடண்ட்ஸ் என்றதும் சின்னப் பிள்ளைகளாக இருக்கும் என்று நினைத்தாள். உள்ளே வந்த பெண்ணுக்குக் காதோரம் நரைத்திருந்தது. வேறொரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாளாம். கூட வந்தவன் கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். அச்சகம் வைத்திருக்கிறானாம். கல்லூரியில் எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள் என்று அவனே சொன்னான்.

இருவரும் கட்டிலின் கால்மாட்டில் நின்று அவரைப் பார்த்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்து குளியலறையில் விழுந்தவர் அதற்குப் பிறகு கண்ணைத் திறக்கவில்லை. வாயில் குழாய், கையில் ஊசி. அவள் வாழ்நாளெல்லாம் மருந்துக் கடையில் நின்றவள். தொங்குகிற பாட்டிலில் என்ன இருக்கிறது, அதன் வேகத்தை எதற்காகக் கூட்டுகிறார்கள் என்பதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் இறங்க இறங்க, இன்று காலையிலிருந்து கூட்டிக்கொண்டே போகிறார்கள். டாக்டரும், "வர வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டார். அவளுடைய தம்பி வெளியே நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"உக்காருங்க," என்றாள்.

சுவரோரம் கிடந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பிறகு நெட்டைதான் ஆரம்பித்தான்.

"முதல் நாள் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல எங்களோட வந்து உக்காந்துட்டாரும்மா. யாரோ பெரிய கிளாஸ்ல ஃபெயிலான ஆளுன்னு நினைச்சோம். நான் வேற அவர்கிட்ட, 'வாத்தியார் எப்படி, கடிப்பாரா?'ன்னு கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'வருஷத்துக்கு ரெண்டு பேரைக் கடிப்பாரு'ன்னுட்டு எழுந்து போய் போர்டுகிட்ட நின்னாரு."

அவள் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். வீட்டில் அவருடைய பேச்சு 'சாவி', 'தண்ணி', 'கதவைச் சாத்திக்கோ' என்பதோடு முடிந்துவிடும். இவர்கள் வேறு யாரையோ பார்க்க வந்து அறை மாறி நுழைந்துவிட்டார்களோ என்று ஒரு கணம் தோன்றியது.

"சோஷியாலஜின்னு பேரு, புஸ்தகத்தைத் தொடவே மாட்டாரும்மா," என்றாள் அந்தப் பெண். "உங்க வீட்டுல டிவி ரிமோட் யார் கையில இருக்குன்னு கேப்பாரு. எங்க வீட்டுல அப்பா அதைத் தலகாணிக்கு அடியில வெச்சுட்டுத் தூங்குவாருன்னு சொன்னேன். ஒரு வாரம் அதை வெச்சே பாடம் ஓடுச்சு. யாரு சத்தமா பேசலாம், யாரு பேசக் கூடாது, யாரு கடைசியா படுக்கணும்னு. சிரிச்சுச் சிரிச்சு, வீட்டுக்குப் போனா அம்மாவைப் பாக்க முடியல என்னால."

"கிளாஸ்ல ஒருத்தன் தூங்குவான்," என்றான் நெட்டை. "சார் அவன்கிட்ட வந்ததும் குரலைத் தாழ்த்திடுவாரு. ராத்திரி வேலைக்குப் போயிட்டு வர்றான், விடுங்கம்பாரு."

அவள் சிரித்தாள். சிரித்ததால்தான் அந்தப் பெண்ணுக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

"ஆனா எல்லாத்தையும் விட அந்தக் கடைசி கிளாஸ்தாம்மா. அதுக்கு கெமிஸ்ட்ரி பசங்க, கணக்குப் பசங்க எல்லாம் வந்து ஜன்னல் ஓரமா நிப்பாங்க. நான் இந்த வேலைக்கு வந்ததே அந்த கிளாஸாலதான்."

"எந்த கிளாஸ்?"

"பாப்பா போன நாளைப் பத்திச் சொல்லுவாரே, அது."

அவள் கிண்ணத்திலிருந்து துணியை எடுத்தாள். பிழிந்தாள். மறுபடி கிண்ணத்திலேயே போட்டாள்.

பாப்பா போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிது. சாயங்காலம் காய்ச்சல் என்று படுத்தவளுக்கு, வேலை முடிந்து வரும்போது தன் கடையிலிருந்தே எடுத்து வந்த மருந்தை அவள்தான் அளந்து கொடுத்தாள். விடிவதற்குள் கழுத்து விறைத்துவிட்டது. மூளைக்காய்ச்சல், எந்த மருந்து கொடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்தவர்கள் அதைக் கேட்க வரவில்லை. என்ன மருந்து கொடுத்தாய், மருந்துக் கடையில் இருக்கிறவளுக்கு இது கூடவா தெரியாது என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. கண்ணீர் விடவில்லை. ஒரு நாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் குழந்தையின் துணிமணிகளையும் கட்டிலையும் எங்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பாப்பா என்ற சொல் அந்த வீட்டில் புழங்கவில்லை. அவரும் தன்னைத்தான் குற்றம் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அப்படியே சமைத்தாள், துவைத்தாள், பக்கத்தில் படுத்தாள்.

"என்ன சொல்லுவாரு?" என்று கேட்டாள்.

நெட்டை அந்தப் பெண்ணைப் பார்த்தான். அந்தப் பெண் அதைக் கவனிக்கவில்லை.

"வந்தவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்கம்பாரு. என்ன மருந்து குடுத்தேன்னு. அதே அறையில அப்பான்னு ஒருத்தன் உக்காந்திருந்தான், காய்ச்சல்னு தெரிஞ்சும் பரீட்சைப் பேப்பர் திருத்திட்டு இருந்தவன், அவனை ஏன் ஒருத்தரும் கேக்கலைன்னு எங்களைக் கேப்பாரு. நாங்க ஒண்ணொண்ணா சொல்லுவோம். சரி, அந்த ஆளு அப்ப என்ன செஞ்சிருக்கணும்னு கேப்பாரு. அதுக்கும் சொல்லுவோம். கடைசில அவரே சொல்லுவாரு. அவன் எழுந்து, அவளை விடுங்க, என்னைக் கேளுங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அதுக்கப்புறமும் சொல்லலன்னு."

"அழுவாரா?"

இப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு எதுவோ உறைத்தது. மெதுவாக, "அழுவாரும்மா," என்றாள்.

"எப்படி?"

"சத்தம் வராது. போர்டு பக்கம் திரும்பிக்குவாரு. தோள் மட்டும் ஆடும். அவரா திரும்புற வரைக்கும் நாங்க யாரும் அசைய மாட்டோம்."

"ஒவ்வொரு வருஷமுமா?"

"எங்க சீனியர்ஸும் சொல்லியிருக்காங்க." நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். "அம்மா, உங்களுக்கு இது..."

"கீழ கேன்டீன்ல டீ நல்லா இருக்கும்," என்றாள் அவள். "குடிச்சிட்டு வாங்க."

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினாள். கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருடைய காதருகே குனிந்தாள்.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

இயந்திரம் மூச்சை உள்ளே தள்ளியது, வெளியே எடுத்தது.

"நானும் கேட்டிருப்பேன்ல. ஜன்னல் ஓரமா நின்னுகூடக் கேட்டிருப்பேன். ஊர்ல உள்ள பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க. நான் ஒருத்திதான் மிச்சமா?"

வேலைக்கு வருகிற நர்ஸ் ஒவ்வொருத்தியும் முதல் காரியமாக அவருடைய தோள் எலும்புக்கு மேலே கிள்ளிப் பார்ப்பாள், வலி தெரிகிறதா என்று. அவளும் அதே இடத்தில் கிள்ளினாள். பிறகு இன்னும் அழுத்திக் கிள்ளினாள். தேவைக்கு மேலேயே அழுத்தினாள். புருவம்கூடச் சுருங்கவில்லை. விரலை எடுத்ததும் தோலில் சிவப்பாக இரண்டு நகப்பிறைகள் தெரிந்தன. அது வெளியே தெரியாதபடி போர்வையை மேலே இழுத்துவிட்டாள். இழுத்த பிறகு அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் பாட்டிலின் வேகத்தைக் கூட்டுவதற்கு இடமில்லாமல் போயிற்று. நர்ஸ் வந்து, அடித்துக்கொண்டிருந்த இயந்திரத்தின் மணியை நிறுத்தினாள். டாக்டர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். தம்பி, "அத்தான், அத்தான்" என்று அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அவருடைய கண்ணாடியை மேஜையிலிருந்து எடுத்துத் தன் கைப்பையில் போட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

நடைக்கூடம் முழுக்க அவரிடம் படித்தவர்கள். நரைத்தவர்கள், தொந்தி வைத்தவர்கள், ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமல் ஓடி வந்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள். "இவங்கதான்," என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். பேச்சு நின்றது. அவர்கள் தன்னைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்தது. பாப்பாவை இவர்கள் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் வந்த சாயங்காலம் தெரியும், ஜன்னலோர நாற்காலி தெரியும். அவள் யாரோடும் பேசாமல் தனக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்த அறையில் இத்தனை பேர் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள்.

சட்டைப்பையில் இரண்டு பேனா குத்தியிருந்த ஒருவர் முன்னால் வந்தார். கை கூப்புவதா, கையைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதியில் விட்டார்.

"அம்மா, அது உங்க தப்பே இல்லம்மா. சார் எங்ககிட்ட அவ்வளவு தடவை சொல்லியிருக்காரு."

கடைக்காரன் கொடுக்கும் சில்லறையை வாங்கிக்கொள்கிறவள்போல அவள் தலையை ஆட்டினாள். "சரிங்க," என்றாள்.

உடலை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி லிஃப்ட் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் கூட்டம் சத்தமில்லாமல் நகர்ந்தது. லிஃப்ட்டுக்குள் ஸ்ட்ரெச்சர் போனதும் இடம் அடைபட்டுவிட்டது. ஆஸ்பத்திரி ஆள் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, "ஒருத்தர்தான் வர முடியும். வீட்டு ஆளு யாரு?" என்று கேட்டான்.

எல்லோரும் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்கள். நரைத்த பெண் அழுது வீங்கிய முகத்தோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள்.

"நீ போம்மா அவர் கூட."

"நானா? அம்மா, நீங்க இருக்கும்போது நான் எப்படி..."

"போ."

கதவு மூடியது. "என்னக்கா இது?" என்று தம்பி பக்கத்தில் வந்தான். பதில் சொல்லாமல் அவள் மாடிப்படி இருந்த பக்கம் நடந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். திருப்பத்தில் எதிரே ஒரு பெண் ஃபிளாஸ்க்கும் தலையணையுமாக மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"ஏங்க, லிஃப்ட் ஓடலையா?"

"ஓடுது," என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் ஏறிப் போவதற்காக அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.