பிரேக் பிடிக்கிறது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ‘டிக்’ சத்தத்தில் பிறந்தது. வடக்கே, வாகட் என்கிற புறநகரில், எங்கள் அடுக்ககத்தின் அடித்தள வண்டி நிறுத்தத்தில் பதினாறு வயதான ஒரு சிவப்புக் கார் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் அந்தச் சத்தம் மட்டும்தான் வரும்.

முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: மழை விட்ட ஒரு காலையில் அகல்யாவின் வாழ்க்கை—

வேண்டாம். மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று: அகல்யா சாவியைத் திருப்பினாள். டிக்.

இது போதும். கதைக்காவது செல்ஃப் எடுத்துவிட்டது.*

* வண்டியைக் கிளப்புகிற மோட்டாரை நம்மவர்கள் செல்ஃப் என்பார்கள். வேறு அர்த்தம் தேடவேண்டாம்.

2

அகல்யா கோயம்புத்தூர்க்காரி. சாகணில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். (சாகண் ஊர்ப்பெயர்தான். ‘சாகணுக்குப் போறேன்’ என்று போனில் சொன்னால், ‘வாயில நல்ல வார்த்தையே வராதா’ என்று என் அம்மா இன்றைக்கும் திட்டுகிறாள்.) காலை ஆறு மணி ஷிப்டுக்கு அவளுக்கு அந்தக் கார்தான் கதி. கணவன் முகுந்துக்கு ஹிஞ்சேவாடியில் கணினி வேலை. கம்பெனி வண்டி வாசலுக்கே வரும்.

“சனிக்கிழமை ஒம்போது மணிக்குப் பழைய வண்டி எடுக்கறவன் வர்றான்,” என்றான் முகுந்த். “அன்னைக்கு ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகி, ரேம்ப்பு ஏறி, கேட் பக்கத்துல ஒழுங்கா நின்னுச்சுன்னா வண்டி உனக்கு. இல்லீன்னா ஏத்தி உட்டுருவேன்.”

“நிக்குமுங்க,” என்றாள் அகல்யா.

முகுந்தை வில்லனாக்கினால் கதை சுலபமாக ஓடும். ஆனால் அவனுக்குப் பயம், அவ்வளவுதான். போன மாதம் நெடுஞ்சாலையில் வண்டி இடப்பக்கமாக இழுத்தபோது அவனும் உள்ளே இருந்தான். இதை எழுத எனக்கு மனமே வரவில்லை.

3

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினாள். விளக்கு மங்கியது; பேட்டரியிலிருந்து மின்சாரம் சரியாக வரவில்லை. முன்மூடியைத் திறந்தால், பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கழற்றினாள், சுடுதண்ணீர் ஊற்றினாள், சுரண்டினாள், துடைத்து இறுக்கினாள். வண்டி எடுத்துக்கொண்டது.

[இந்த இடத்தில் அவள் அழுததாக எழுதி, அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. பிரேக் பாக்கி இருந்தது.]

வைஷாலி நடத்தும் கராஜுக்கு இரண்டு முறை போனாள். மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று தமிழில் நினைத்து, இந்தியில் சொன்னாள்: “பிரேக் பகட் ரஹா ஹை.”

“பகட் ரஹா ஹை தோ அச்சா ஹை நா, மேடம்!”

பிடித்தால் நல்லதுதானே என்கிறாள் வைஷாலி. அவள்மேல் தப்பில்லை. தமிழில்தான் பிடிப்பதற்கு இத்தனை வேலை. பிரேக் பிடிக்கும், சளி பிடிக்கும், துரு பிடிக்கும், சில சமயம் புருஷனையும் பிடிக்கும்.

மூன்றாம் முறை, வெள்ளிக்கிழமை, அவள் பேசவே இல்லை. வைஷாலியின் கையை இழுத்து இடது முன்சக்கரத்தருகே கொண்டுபோனாள். அனலடித்தது. வலது சக்கரத்தில் சூடே இல்லை.

“அரே, ஜாம் ஹை! பஹலே போல்னா தா நா!”

இறுகிக் கிடக்கிறதே, முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்டுக்கொண்டே, பிரேக்குக்குள் துருவேறி நகராமல் இருந்த ‘பின்’னைக் கழற்றிச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி மாட்டினாள் வைஷாலி.

4

முடிவுகள்.

அ) ஒரே சாவியில் எடுக்கிறது, ஏறுகிறது, நிற்கிறது. முகுந்த் கைதட்டுகிறான். (அவன் கைதட்டுகிற ஆளே இல்லை.)

ஆ) பாதி ரேம்ப்பில் எஞ்சின் நின்றுபோய், வண்டி பின்னால் உருள—

எழுத மாட்டேன்.

செல்ஃபுக்கு வேறு அர்த்தம் தேடவேண்டாம் என்றேன். தேடியிருப்பீர்கள். ஆமாம், அகல்யா நான்தான். இன்று சனிக்கிழமை, மணி எட்டு ஐம்பது.

“ஆள் வந்தாச்சு. கெளம்பறயா?” என்று முகுந்த் வாசலில் நிற்கிறார். (கதையில்தான் ‘அவன்’. நேரில் அவர்தான்.) அவருக்கு என்னைவிட அதிகமாக வியர்த்திருக்கிறது.

எந்த முடிவை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நான் வண்டியை எடுக்கப் போகிறேன்.